கிட்டங்கி வாசலில் ஒரு வேலை

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று வேலைவாய்ப்பு முகாமுக்குப் போனேன். போகிற எண்ணமே இல்லை. வியாபாரிகள் சங்கச் செயலாளர்தான் போன் போட்டு இழுத்துவிட்டார். "அண்ணாச்சி, உடம்பு முடியாதவுகளுக்கும் மிலிட்டரியில இருந்து வந்தவுகளுக்கும் தனியா முகாம் போடுறாக. ஒரு ஆள எடுத்தா ஒரு வருசத்துக்குச் சம்பளத்துல பாதி சர்க்கார் குடுக்கும். டிசம்பர்ல விழா வச்சு மேடையில கேடயம் குடுக்குறாக." தையில் சங்கத் தேர்தல் வருகிறது. கேடயத்தோடு படம் பேப்பரில் வந்தால் எனக்கு நோட்டீஸ் அடிக்கிற செலவு மிச்சம்.

விருதுநகரில் இருக்கிற மொத்த வியாபாரிகளும் கல்யாண மண்டபத்தில் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். எதிர்ப்பக்கம் அவர்கள். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல ஒவ்வொருவரையும் எழுந்து நடக்கச் சொல்லி, கையை நீட்டச் சொல்லிப் பார்த்தோம். நானும்தான். பொய் எழுத இது வருமானவரிக் கணக்கு இல்லை.

எனக்கு வேண்டியது மிளகாய் வத்தல் மூட்டைகளைப் போட்டுவைக்கிற என் கிட்டங்கி வாசலில் ஒரு ஆள். வருகிற லாரியையும் போகிற மூட்டையையும் பார்க்கவேண்டும், மாதிரிகளைக் கட்டி அடுக்கவேண்டும். அதற்கு இரண்டு பேர் தேறினார்கள். ஒருவன் முத்துராக்கு, கமுதிப் பக்கம். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவன், நாற்பது வயதிருக்கும். பனிமலையில் வலது கையின் நடு மூன்று விரல்களும் அழுகி வெட்டிவிட்டார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நண்டுக் கொடுக்கு மாதிரி நிற்கின்றன.

"பென்சன் வருதுல்ல, அப்புறம் என்னத்துக்கு வேலை?" என்றேன்.

"வீட்லயே உக்காந்திருந்தா பிள்ளைக மூஞ்சில முழிக்க முடியல சார். பேங்க் செக்யூரிட்டிக்குப் போனேன். துப்பாக்கி பிடிக்கத் தெரியாத செக்யூரிட்டி எதுக்குன்னு அனுப்பிட்டாக. எனக்குப் பிடிக்கத் தெரியும் சார். விசையைத்தான் இழுக்க முடியாது."

அடுத்தவள் சந்தனமாரி. இருபத்தேழு வயது, பி.காம். பிறவியிலேயே வலது கால் சூம்பல், கக்கத்தில் கட்டை. அண்ணன் வீட்டில் இருக்கிறாளாம்.

"வேலை கெடைக்கலன்னா தை மாசம் அருப்புக்கோட்டைல ஒரு ஆளுக்கு என்னைக் கட்டிவைக்கப் போறாக அண்ணாச்சி. அவருக்கு என்னைவிடப் பெரிய மக இருக்கா."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு கெஞ்சலும் இல்லை. சரக்கின் விலையைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

இரண்டு பேரையும் எடுத்துக்கொள்கிறேன் என்றதும் வேலைவாய்ப்பு அலுவலக மேடம் பதறினார். "உங்க நிறுவனத்துக்கு ஒரு போஸ்ட்தான் சார் அனுமதி."

"ஒண்ணுதாம்மா. யாருக்குன்னு டிசம்பர் விழாவுல மேடையில சொல்றேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் வந்து பழகட்டும்."

"அது முறையில்லையே."

"சேலை எடுக்கப் போனா ரெண்டு மூணைப் பிரிச்சுப் பாக்குறீகளா இல்லையா?"

மேடத்துக்கும் இத்தனை பேருக்கு வேலை கொடுத்தோம் என்று மேலே காட்டவேண்டுமே, ஒத்துக்கொண்டார். விண்ணப்பத்தைக் கணக்குப்பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்தை எறும்பு மாதிரி அச்சடிக்கிறார்கள்.

செப்டம்பர் 12, வெள்ளி

இருவரும் வந்தார்கள். முதல் நாள் முழுக்கத் தும்மிக்கொண்டே இருந்தார்கள். வத்தல் நெடி பழகப் பத்து நாளாகும். சுமை தூக்குகிறவர்கள் முத்துராக்குவுக்கு 'அரைக்கை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதையும் தாங்குகிறானா என்று பார்க்கவேண்டும்.

செப்டம்பர் 17, புதன்

மாதிரிப் பொட்டலங்களுக்குச் சணல் முடிச்சுப் போடுகிற வேலையை முத்துராக்குவுக்கும், மாடியிலிருந்து பொட்டலங்களை இறக்குகிற வேலையைச் சந்தனமாரிக்கும் திங்கட்கிழமையே கொடுத்தேன். வேண்டுமென்றேதான். முடிகிற வேலையைக் கொடுத்தால் ஆள் எப்படி என்று எப்போது தெரிவது? அவன் சணலைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டுகிறான். வாயெல்லாம் காரம், கண்ணில் நீர் வழிகிறது. அவள் கட்டையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறாள், பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இறங்குகிறாள். சேலையின் பின்பக்கம் கிழிந்துவிட்டது. மறுநாள் அதே சேலையைத் தைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

இரண்டு பேரும் நல்ல சரக்கு. அதுதான் சிக்கல்.

செப்டம்பர் 26, வெள்ளி

கிட்டங்கியில் டியூப்லைட்டையெல்லாம் மாற்றச் சொன்னேன். புதுசும் மங்கல்தான். கம்பெனிக்காரன்கள் எல்லாம் திருடன்களாகிவிட்டார்கள்.

அக்டோபர் 3, வெள்ளி

சாப்பிட்டுவிட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரமே திரும்பினேன். மாடியிலிருந்து பொட்டலங்களை இறக்கிக்கொண்டிருந்தவன் முத்துராக்கு. கீழே உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவள் சந்தனமாரி. கடகடவென்று வேலை நடக்கிறது. அவன் மேலேயிருந்து, "தங்கச்சி, இந்தா பிடி" என்கிறான். இவள், "மெதுவாண்ணே, என் தலை கம்பெனிச் சொத்து இல்ல" என்கிறாள். சிரிப்பு வேறு.

எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு எரிச்சல் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆளாகிவிட்டார்கள். இருக்கிறது ஒரு வேலை. இப்படிக் கைகோத்துக்கொண்டு நின்றால் நான் யாரை எடை போடுவது? தராசில் இரண்டு தட்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால் முள் எப்படி அசையும்?

அக்டோபர் 7, செவ்வாய்

சேர்த்துக் கட்டியிருந்த தட்டுகளை அவிழ்த்துவிட்டேன்.

முத்துராக்குவைக் கூப்பிட்டு, "எங்கிட்ட கேட்டதாக் காட்டிக்காத. உன் கையைப் பாத்தா அந்தப் பிள்ளைக்குச் சோறு எறங்கலையாம். தள்ளி உக்காரச் சொல்லுங்கன்னுச்சு" என்றேன். அவன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

அவளிடம், "மிலிட்டரிக்காரன் சொல்றான், நொண்டியை வாசல்ல உக்கார வச்சா மொத லாரிக்குச் சகுனம் ஆகாதாம்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "அவர் சொன்னாரா?" என்றாள். "நான் எதுக்கு இட்டுக்கட்டப் போறேன்?" என்றேன்.

சாயங்காலம் அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். சணலைக் கடிக்கிற சத்தமும் படியில் உட்கார்கிற சத்தமும் தனித்தனியாகக் கேட்டன.

அக்டோபர் 10, வெள்ளி

வீட்டில் நச்சரிப்புத் தாங்காமல் மதுரைக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தேன். சர்க்கரை கண்ணின் பின்பக்கத்தைப் பிடித்துவிட்டதாம், கண்ணுக்குள் ஊசி போடவேண்டுமாம், அப்படியும் போனது போனதுதானாம். டாக்டருக்கும் வியாபாரம் நடக்கவேண்டும் அல்லவா. தீபாவளி கழியட்டும் என்று வந்துவிட்டேன். வரும் வழியில் தடித்த ஸ்கெட்ச் பேனா ஒன்று வாங்கினேன். பழைய பேனா மை சரியில்லை.

அக்டோபர் 16, வியாழன்

தீபாவளி நெருக்கத்தில் இப்படியா நடக்கவேண்டும்.

காம்பு கிள்ளுகிற பெண்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு கை வத்தலை முந்தியில் முடிந்துகொண்டு போவது வழக்கம். அவர்கள் கேட்கவும் மாட்டார்கள், நான் கொடுக்கவும் மாட்டேன். அந்த நேரத்துக்கு நான் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தத் திரும்பிக்கொள்வேன். இந்த ஊரில் எல்லாக் கிட்டங்கியிலும் இப்படித்தான். யாரும் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

முத்துராக்கு இன்று வாசலில் நின்று அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி முந்தியை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறான். அவிழ்த்ததை ஒரு சாக்கில் கொட்டிக் கொண்டுவந்து என் மேசைக்குப் பக்கத்தில் வைத்து, "சார், திருட்டுச் சரக்கு" என்று விறைப்பாக நின்றான். பின்னாலேயே குருவம்மா வந்தாள். பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைமை.

"என்ன அண்ணாச்சி, நாங்க திருடிகளா? இருவது வருசமா உங்களுக்கு இருமிச் சாகுறோம். முந்தியை அவுருன்னு எங்க வீட்டு ஆம்பளைகூடத் தெருவுல வச்சுச் சொன்னதில்ல."

நாளை யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கொச்சிக்குப் போகவேண்டிய சரக்கு காம்போடு கிடக்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி

மத்தியானம் வரை பார்த்தேன், ஒரு ஆள் வரவில்லை. குருவம்மா வீட்டுக்கு நானே போனேன். பேசி முடித்து எல்லோரையும் கூட்டிவந்தேன். அவமானத்துக்கு அவமானம் சரியாக வேண்டும் என்றாள். நியாயம்தான்.

முத்துராக்குவை வாசலில் நிற்கவைத்து, ஒவ்வொருத்தி முந்தியிலும் ஒரு கை வத்தலை அவன் கையாலேயே போடச் சொன்னேன். வலது கையால். அள்ளுவான், பாதி கீழே சிந்தும். மறுபடி குனிந்து அள்ளுவான். முதலில் பெண்கள் சிரித்தார்கள். "அரைக்கை அள்ளுனா அரைக்கைதான வரும்" என்றாள் ஒருத்தி. பாதி வரிசை போவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் குருவம்மாவே, "போதும் அண்ணாச்சி" என்றாள். நான் போதும் என்று சொல்லவில்லை. வரிசை முடிகிற வரை போட்டான். அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வெளிச்சம் அவனுக்குப் பின்னால் இருந்தது.

அக்டோபர் 22, புதன்

தீபாவளிக்குப் பிறகு முதல் வேலை நாள். சந்தனமாரியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"முந்தியில முடிஞ்சிட்டுப் போற வழக்கம் உனக்குத் தெரியுமா?"

"வந்த ரெண்டாம் நாளே தெரியும் அண்ணாச்சி."

"அவனுக்கு?"

"அண்ணன் எங்கிட்டதான் கேட்டாரு, இப்பிடிக் கொண்டுபோறாகளே, அனுமதி உண்டான்னு. வாசல் பொறுப்பு உங்களுது, சட்டப்படி எதுவோ அதைச் செய்யுங்கன்னேன்."

அவள் பொய் சொல்லவில்லை. தள்ளிவிடவும் இல்லை. குழி இருக்கிற பக்கம் அவன் நடந்தபோது வாயை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். இந்தப் பிள்ளைக்கு வியாபாரம் ரத்தத்தில் இருக்கிறது. பூனாவில் இருக்கிற என் மகனுக்கு இதில் ஒரு துளி இல்லை.

நவம்பர் 6, வியாழன்

ஜமால் பாய் குளிர்பதனக் கிட்டங்கியிலிருந்து ஒரு லாரி முண்டு வத்தல் கொண்டுவந்தார். முப்பது வருஷமாக எனக்குத் தரகர், மற்றவர்களுக்கும்தான். குத்தூசியை மூட்டையில் குத்தி இழுத்து மாதிரியை என் கையில் கொட்டினார். நான் உருட்டிப் பார்த்தேன், முகர்ந்தேன். "மொதத் தரம் பாய்" என்றேன்.

வாசலில் நின்ற முத்துராக்கு கிட்டே வந்து, "சார், இது வெளுத்திருக்கு சார். பாதிக்குப் பாதி வெள்ளை" என்றான்.

அவன் மெதுவாகப் பேசத் தெரியாதவன். பரேட் மைதானத்துக்குக் கேட்கிற குரல். சுமை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜமால் பாய் குத்தூசியைத் துடைத்தார். பிறகு சிரித்தார். "என்ன அண்ணாச்சி, இப்பல்லாம் வாட்ச்மேன்தான் வத்தல் பாக்குறாரா?"

"கலர் தெரியாமலா வாங்குறேன்? பொடிக்குக் கலக்கத்தான் வாங்குறேன்" என்றேன். சொன்ன விலைக்கே வாங்கினேன். கலக்கத்தான் வாங்கினேன். இதில் தவறு ஒன்றும் இல்லை.

வத்தல் வியாபாரத்தில் நிறம்தான் எல்லாம். நிறம் பார்க்கத் தெரியாதவன் என்று ஒருவனைப் பற்றிப் பேச்சுக் கிளம்பினால், மறுநாள் ஊரில் சாம்பல் என்று தள்ளுகிற வெளுத்த சரக்கு முழுக்க அவன் வாசலுக்கு வந்து இறங்கும்.

நவம்பர் 7, வெள்ளி

முத்துராக்குவை நிறுத்திவிட்டேன். பெண்கள் இன்னும் குமுறுகிறார்கள், உன்னை வைத்திருந்தால் வேலை நடக்காது என்றேன்.

"வெளுத்ததை வெளுத்திருக்குன்னு சொன்னதுக்கா சார்?"

"அதுக்கில்லப்பா. இது பொம்பளைக விசயம்."

போகத் திரும்பியவன் நின்றான். "விழாவுக்குப் பிள்ளைகளக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லி வச்சிருக்கேன் சார். மேடையில அப்பா பேரைக் கூப்புடுவாகன்னு."

"யார் பேர்னு இன்னும் நான் சொல்லலையே. நீயா எப்பிடிச் சொல்லிவச்ச?"

எனக்கு ஒரு சல்யூட் அடித்தான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நெற்றியில் பட்டு, நடுவில் ஒன்றும் இல்லை. பழக்க தோஷம். போய்விட்டான்.

நவம்பர் 14, வெள்ளி

சந்தனமாரியை என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறேன், கொள்முதல் எழுத. கணக்குப்பிள்ளைக்கு வயதாகிவிட்டது.

ஒன்று கவனித்தேன். மாதிரி கைக்கு வரும்போது அவள் இருமுகிறாள். எல்லா மாதிரிக்கும் இல்லை. இருமினால், அடுத்த மூட்டையைக் காட்டுங்கள் என்கிறேன். சும்மா இருந்தால் விலை பேசுகிறேன். வத்தல் கிட்டங்கியில் யார் இருமினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வாரம் எடுத்த சரக்கு முழுவதும் சுத்தம்.

அவளுக்குத்தான் இந்த வேலை. முடிவு செய்துவிட்டேன். விழா வரை சொல்லப்போவதில்லை. மூன்று வாரம் இன்னும் பயத்திலேயே இருக்கட்டும், வேலை சுத்தமாக நடக்கும்.

நவம்பர் 20, வியாழன்

பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்தார். "கட்டை தெரியுற மாதிரி நில்லும்மா" என்றார். தெரிகிற மாதிரி நின்றாள்.

நவம்பர் 26, புதன்

இந்த வருஷத்தின் பெரிய கொள்முதல் இன்றுதான். மூன்று லாரி. மாதிரி மேல் மாதிரியாக வந்தது. அவள் ஒருமுறைகூட இருமவில்லை. மூன்றையும் எடுத்துவிட்டேன்.

நவம்பர் 27, வியாழன்

காலையில் பெண்கள் முதல் மூட்டையைப் பிரித்ததுமே குருவம்மா கூப்பிட்டாள். "அண்ணாச்சி, இது வத்தலா வைக்கோலா?"

மூன்று லாரியும் அப்படித்தான். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் கேட்டேன்.

"நேத்து நீ இருமலையே."

"இருமல் நின்னு போச்சு அண்ணாச்சி."

"எப்ப வரும்?"

"முத்துராக்கு அண்ணனுக்கு ஆர்டர் குடுத்தா வரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருக்கிறது ஒரு வேலை. அதை அவனுக்குக் குடுத்துட்டு நீ அருப்புக்கோட்டைக்கா போகப்போற?"

"சர்க்கார் வேலையை அவருக்குக் குடுங்க. எனக்கு இந்த நாற்காலி போதும். சம்பளம் நீங்க போடுங்க. சந்தனமாரி கொள்முதல்னு பேர் எழுதி மாட்டுங்க."

"அம்புட்டுப் பாசமா அவன் மேல?"

"பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். சகுனத்தைப் பத்திக் கேட்டேன். தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணாரு. அப்புறம் அவரு என்னைக் கேட்டாரு, 'என் கையைப் பாத்தா உனக்குச் சோறு எறங்கலையா தங்கச்சி'ன்னு. அண்ணாச்சி காதுல தப்பா விழுந்திருக்கும்ணேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

வியாபாரத்தில் பிடிபட்டால் பேசாமல் இருப்பதுதான் மரியாதை.

"மேடையில உங்க கையால ஆர்டரைக் குடுக்கணும். அவரு மைக்குல ரெண்டு வார்த்தை பேசணும், பிள்ளைக கேக்கட்டும். அவ்வளவுதான் அண்ணாச்சி."

இவ்வளவுதானா என்று இருந்தது. மூன்று லாரி சாம்பலை விற்றுத் தள்ள ஒரு வருஷம் ஆகும், அது தனி. ஆனால் இந்த நிலைமையில் நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் கிட்டங்கியில் பாதியைக் கேட்டிருப்பேன். பிள்ளைக்கு இன்னும் விவரம் பத்தவில்லை. சரி என்றேன். மலிவாக முடிந்தது.

டிசம்பர் 3, புதன்

எழுதத்தான் வேண்டும், எழுதுகிறேன்.

அதே கல்யாண மண்டபம். ஊர் வியாபாரிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஜமால் பாய் இரண்டாவது வரிசை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். சந்தனமாரி என் முழங்கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனாள். நான் அவளைத் தாங்கிப்போவதாக நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். அதுவரை எல்லாம் சரியாக இருந்தது. அவள் என்னை மேடையில் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள்.

கலெக்டர் கேடயம் கொடுத்தார். ஆர்டர் தாளை என் கையில் திணித்தார்கள். மேடை விளக்குகள் முகத்தில் அடித்தன, எல்லாம் ஒரே வெள்ளை. பெயர் கூப்பிட்டதும் பூட்ஸ் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பித் தாளை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினேன். துணி மாதிரி ஏதோ கையில் பட்டது. பேனர்.

"சார், நான் இங்கிட்டு நிக்கிறேன் சார்." அவன் மைக்குக்கு முன்னால் நின்றிருந்தான். மண்டபம் முழுக்கக் கேட்டது.

முத்துராக்கு என் கையைப் பிடித்துத் திருப்பித் தாளை வாங்கிக்கொண்டான். பிறகு பேசினான். அவன் பேசியதை அப்படியே எழுதுகிறேன், மறக்கிற மாதிரி இல்லை.

"எனக்கு விரல் இல்லைன்னு போன எடத்துலயெல்லாம் வேணாம்னாக. சார்தான் எடுத்தாரு. ஏன் எடுத்தாருன்னா, சாருக்குக் கண்ணு தெரியாது. நான் நவம்பர்லயே கண்டுக்கிட்டேன். வெளிய சொல்ல மாட்டாரு. கண்ணு தெரியாமயே இம்புட்டுப் பெரிய யாவாரம் பண்றாரு. அவரும் எங்கள்ல ஒருத்தர். அதனாலதான் எங்க கஷ்டம் அவருக்குத் தெரியுது. என் பிள்ளைக கீழ உக்காந்திருக்காக. சாரைப் பாத்துக் கத்துக்கங்கன்னு சொல்றேன்."

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அவன் பேச்சில் ஒரு துளி வஞ்சகம் இல்லை. என் தோளைப் பிடித்து, "பாத்து சார், படி இருக்கு, இன்னொண்ணு, ஆச்சு" என்று ஊருக்கே கேட்கிறமாதிரி சொல்லிச் சொல்லி இறக்கினான்.

அவள் அவனுக்கு வேலை வாங்கித் தரவில்லை. மெதுவாகப் பேசத் தெரியாத ஒருவனை எனக்குப் பக்கத்தில் மைக்கோடு நிறுத்திக்கொண்டாள். கிட்டங்கியில் பாதி போதாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் மலிவு என்று நினைத்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

ஒரு தரகர்கூட வரவில்லை. பேப்பரில் படம் பெரிதாக வந்திருக்கிறதாம்.

டிசம்பர் 5, வெள்ளி

அவளை வெளியே அனுப்பலாமா என்று காலையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அனுப்பினால் நிறம் சொல்ல ஆள் இல்லை. வேறு ஆளை வைத்தால் அவன் சொல்கிறது நிஜமா என்று பார்க்கவும் ஆள் இல்லை. எப்படிப் போட்டாலும் அவள்தான் வருகிறாள்.

பதினோரு மணி வாக்கில் ஜமால் பாய் குரல் கேட்டது. வாசலில் முத்துராக்கு அவரை நிறுத்தி, எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை மூட்டை என்று விசாரித்தான். அவரும் மரியாதையாகச் சொன்னார். உள்ளே வந்து, "அண்ணாச்சி, சௌக்கியமா, விழா பிரமாதம்" என்று என்னிடம் இரண்டு வார்த்தை பேசினார். யாரோ டீ கொண்டுவந்தார்கள். குத்தூசியை மூட்டையில் குத்துகிற சத்தம் கேட்டது, வத்தல் சரசரவென்று கொட்டுகிற சத்தம் கேட்டது.

"கொண்டாங்க பாய்" என்று கையை நீட்டினேன்.

"பாப்பா, நீ பாத்துச் சொல்லு" என்று அவர் அந்தப் பக்கம் சொன்னார். அவள் வத்தலை உருட்டுகிற சத்தம் கேட்டது. நீட்டிய என் கையை மடக்காமல் வைத்திருந்தேன். ஜமால் பாய் அதில் டீ கிளாஸை வைத்தார். சூடு பத்திரம் என்றார்.